பழைய ஜீப், புதிய வீதி: பின் சக்கர ட்றம் பிறேக்கைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா?

வன்னியின் பிரதான வீதிகள் போருக்குப் பின்னர் காப்பெற் வீதிகளாகிவிட்டன. ஆனால் அவற்றில் ஓடும் வாகனங்கள் எல்லாம் புதியவை அல்ல. அரச திணைக்களங்களில் ஓடி ஏலத்தில் விற்கப்பட்டு, இடம்பெயர்வுகளில் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து, பல கை மாறிய லாண்ட் றோவர் ஜீப்புகளை இன்றும் காணலாம். நெல் மூட்டை, மீன் பெட்டி, தண்ணீர்த் தாங்கி, சில வேளைகளில் இரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நோயாளி என்று எல்லாம் அவற்றின் பின்பக்கத்தில்தான் ஏறுகின்றன.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் புதிய வாகனத்தின் விலை ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே இந்தப் பழைய ஜீப்புகள் இன்னும் பல வருடங்கள் ஓடத்தான் போகின்றன. அவற்றை ஓட வைப்பது எப்படி என்று நமது மெக்கானிக்குகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நிறுத்துவது எப்படி என்பதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் இந்த ஜீப்புகளில் நான் அடிக்கடி பயணம் செய்கிறேன். உரிமையாளர்கள் பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்: பின் சக்கரத்தில் இருக்கும் ட்றம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக் போடலாமா? என் பதிலைச் சுருக்கமாகச் சொல்வதானால், உள்ள ட்றம்மை முதலில் சரியாக்குங்கள். மிச்சக் காசை மிதிக்கும் முன் சக்கரத்துக்கும் செலவழியுங்கள். பின் டிஸ்க் கடைசி. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். உதாரணமாக எடுத்துக்கொண்டது 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட லாண்ட் றோவர் சீரிஸ் 3. மற்றைய பழைய ஜீப்புகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வேகம் மாறியது, பிறேக் மாறவில்லை

ஓடும் வாகனத்தில் இருக்கும் சக்தி முழுவதையும் பிறேக் வெப்பமாக மாற்ற வேண்டும். அந்தச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. குண்டும் குழியுமான கிரவல் வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடிய அதே ஜீப், இன்று ஏ-9 வீதியிலோ பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலோ 80இல் ஓடினால், வேகம் இரண்டு மடங்கு. பிறேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. இரவில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதோடு இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பல ஜீப்புகளில் பழைய 2.25 லீற்றர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரம் பொருத்தியிருக்கிறார்கள். இழுவை கூடிவிட்டது. பிறேக் மட்டும் அன்றிருந்தபடியே இருக்கிறது.

ட்றம்முக்குள் நடப்பது

ட்றம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம். 88 அங்குலக் குட்டை ஜீப்பில் அதன் விட்டம் 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீற்றர். 109 அங்குல நீள ஜீப்பில் 11 அங்குலம். கிண்ணத்தின் உள்ளே பிறை வடிவில் இரண்டு சூ இருக்கின்றன. மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயிலின் அழுத்தம் வீல் சிலிண்டரைத் தள்ள, சூக்கள் விரிந்து ட்றம்மின் உட்சுவரில் உரசுகின்றன.

பின் சக்கரத்தில் இரண்டு சூவும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. வாகனம் முன்னோக்கி ஓடும்போது முன்பக்கம் இருக்கும் சூவை, சுழலும் ட்றம்மே மேலும் தன்னோடு இழுத்து இறுக்குகிறது. கதவுக்குக் கீழே செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவது போன்றது இது. பின்பக்கச் சூவுக்கு அந்த உதவி இல்லை. அதனால் முன்பக்கச் சூவின் லைனிங் பெரும்பாலும் முதலில் தேயும். ஒன்று மற்றதைவிட மெலிந்திருந்தால் உடனே பழுது என்று எண்ண வேண்டாம். பின்னோக்கி ஓடும்போது இருவரின் வேலையும் மாறிவிடும். குளக்கட்டுச் சரிவில் ஜீப் பின்னால் உருளும்போதும் பின் பிறேக் பிடிப்பது இதனால்தான்.

ட்றம் பிறேக்கின் நல்ல குணம், குறைந்த கால் பலத்தில் கூடிய பிடி. கெட்ட குணங்கள் இரண்டு. சூடு வெளியேற வழி குறைவு. உள்ளே போன தண்ணீரும் சேறும் லேசில் வெளியே வராது.

முதலில் மிதி சொல்வதைக் கேளுங்கள்

சூ மாற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் முன் பிறேக் மிதியை அழுத்திப் பாருங்கள்.

- முதல் அழுத்தத்தில் ஆழமாகப் போய், உடனே இரண்டாம் முறை அழுத்த மேலே வந்து பிடித்தால்: சூவுக்கும் ட்றம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. செட் பண்ணினால் போதுமாக இருக்கலாம்.
- மிதி பஞ்சு போல இருந்தால்: குழாயில் காற்று.
- அழுத்திப் பிடித்திருக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கினால்: எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் போய்விட்டது. அந்த வாகனத்தை வீதிக்கு எடுக்க வேண்டாம்.
- ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறுகி வழுக்கினால்: ஒரு சூவில் ஒயில் பட்டிருக்கலாம், அல்லது மறுபக்கச் சிலிண்டர் இறுகிப்போயிருக்கலாம்.
- மிதியை விட்ட பின்னரும் ஒரு ட்றம் மட்டும் சூடாக இருந்தால்: செட்டிங் கூடிவிட்டது, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது றப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஒயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கிறது.

ஜக் போடும் முன்

சீரிஸ் லாண்ட் றோவரில் கை பிறேக் பின் சக்கரத்தில் இல்லை. அது கியர் பெட்டிக்குப் பின்னால், புறொப்பலர் சாஃப்ற்றைப் பிடிக்கும் தனி ட்றம். ஒரு பின் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தியவுடன், டிபரன்சியல் வழியாக அந்தச் சக்கரம் சும்மா சுழல, நிலத்தில் இருக்கும் மற்றச் சக்கரமும் உருளும். கை பிறேக் இழுத்திருந்தும் ஜீப் ஜக்கிலிருந்து நகரும். கீழே ஆள் இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே சமதரையில் நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்பு வையுங்கள். கை பிறேக்கோடு நான்கு சக்கர இழுவையையும் போட்டுவிடுங்கள். அச்சைத் தாங்க இரும்பு ஸ்ராண்ட் வையுங்கள். சீமெந்துக் கல் பாரத்தில் எச்சரிக்கையில்லாமல் நொறுங்கும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போக வேண்டாம்.

கழற்றுதல்

சக்கரத்தின் ஐந்து நட்டுகளையும் கழற்றிய பின், ட்றம்மைப் பிடித்திருக்கும் மூன்று திருகாணிகள் தெரியும். வருடக்கணக்கில் கழற்றாத வாகனத்தில் இவை துருப்பிடித்து இறுகியிருக்கும். துரு இளக்கும் ஒயில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் திருப்புளி இருந்தால் தலை உடையாமல் வரும். அதன் பின் பின்பக்கத் தகட்டில் உள்ள செட்டிங் போல்ட்டைத் தளர்த்தி ட்றம்மை இழுங்கள். வராவிட்டால் சுற்றிவரத் தட்டுங்கள். பெரிய சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

ட்றம் வெளியே வந்தவுடன் உள்ளே கரும்தூசி இருக்கும். பெரும்பாலான கராஜ்களில் அதைக் காற்றடித்துப் பறக்க விடுவார்கள். தயவுசெய்து இதைச் செய்ய விடாதீர்கள். பழைய காலத்து பிறேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். கராஜில் வேலை பழகும் பொடியன்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவை

வீல் சிலிண்டரின் றப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். பல வருடம் வெட்டவெளியில் கிடந்த வாகனங்களில் சிலிண்டரின் உட்சுவரில் துருப் பள்ளங்கள் இருக்கும். அந்தச் சுவரில் புதிய றப்பர் போட்டாலும் நாளடைவில் மீண்டும் ஒழுகும்.

சூவில் படிந்திருக்கும் ஒயில் எது என்பதையும் கண்டுபிடியுங்கள். கடும் கந்தக நாற்றம் இருந்தால் அது டிபரன்சியல் கியர் ஒயில். சக்கரக் குடத்தின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீலை மட்டும் மாற்றினால் திரும்பவும் ஒழுகலாம். பின் அச்சின் மேல் காற்றுப் போக ஒரு சிறிய பிறீதர் இருக்கிறது. அது சேற்றில் அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று வேறு வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிறீதரைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஒயில் ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீண்டும் போடுவது வழக்கம். அது பிடிப்பது போல இருக்கும். சூடானதும் உள்ளே ஊறிய ஒயில் மேலே வரும். அந்தச் சூவை மாற்றத்தான் வேண்டும்.

ட்றம்மின் உட்சுவரில் நகம் தடக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் லேத் பட்டறையில் கடையலாம். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். கடையக் கடையச் சுவர் மெலியும்; மெலிந்த ட்றம் சூட்டைத் தாங்காது. தயாரிப்பாளர் கைநூலில் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் வேறு ட்றம் தேடுங்கள். பழைய இரும்புக் கடையில் எடுக்கும் ட்றம்மில் கவனம் தேவை. கடலோரத்தில் கைவிடப்பட்டு உப்புக்காற்றில் கிடந்த வாகனத்தின் பாகமாகவோ, தீயில் வெந்த வாகனத்தின் பாகமாகவோ அது இருக்கலாம். கயிற்றில் தொங்கவிட்டு மெல்லத் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானை போல ஒலித்தால் வெடிப்பு இருக்கிறது.

சூ மாற்றுதல்

இரண்டு விதிகள். ஒன்று, ஒரு அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முந்திப் பிடித்து ஜீப் திரும்பும். இரண்டு, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் எங்கே கொளுவியிருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கம் பார்க்கலாம். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சூவைக் கழற்றியவுடன் வீல் சிலிண்டரை றப்பர் பட்டியால் கட்டிவிட்டால் பிஸ்டன் வெளியே பாயாது.

புதிய சூ கிடைக்காத இடத்தில் பழைய சூவுக்கே புதிய லைனிங் அடிப்பார்கள். அது பிழையல்ல. ஆனால் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஆணித்தலை லைனிங்கின் மேற்பரப்புக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். லைனிங்குக்கும் சூவுக்கும் இடையில் ஒரு கடதாசி கூட நுழையக்கூடாது. லைனிங்கின் வளைவு ட்றம்மின் வளைவோடு ஒத்திருக்க வேண்டும்; நுனியில் மட்டும் உரசினால் கிரீச்சிடும், பிடிக்காது. பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

சூ நகரும் உலோக முனைகளில் மட்டும் சூடு தாங்கும் கிறீஸ் மிகச் சிறிதளவு பூசலாம். லைனிங்கில் கைரேகைக் கிறீஸ் கூடப் படக்கூடாது.

ஒயிலும் குழாயும்

1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின், எரிபொருள், பற்றறி, உதிரிப்பாகம் என்று வடக்குக்கு வராமல் போன பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. கிடைத்ததை வைத்து ஓட வைக்கும் திறமையை அந்தக் காலம் நமது மெக்கானிக்குகளுக்குக் கொடுத்தது. பிறேக்கைப் பொறுத்தவரை அந்தப் பழக்கம் இன்று வேண்டாம்.

பிறேக் குழாய்க்குள் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதிய ஒயில் மட்டுமே போக வேண்டும். இயந்திர ஒயில், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு துளி கூடக் கூடாது, கழுவுவதற்கும் கூடாது. இவை பட்டால் சிலிண்டர்களின் றப்பர் வீங்கி, முழு பிறேக்கும் இறுகும் அல்லது ஒழுகும். உள்ளே கழுவ பிறேக் ஒயிலையே பயன்படுத்துங்கள்.

இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் தொடர்ந்து பிறேக் பிடிக்கும்போது கொதித்து ஆவியாகும். அப்போது மிதி நேரே தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். மூடி திறந்து மாதக்கணக்கில் வைத்த போத்தலை எறிந்துவிடுங்கள்.

வெடித்த றப்பர் ஹோஸ், துருவேறிய இரும்புக் குழாய் இரண்டையும் இதே நேரத்தில் மாற்றுவதுதான் மலிவு. காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். நமது வலக்கை ஓட்ட வாகனங்களில் அது பின் இடது சக்கரம்.

செட் பண்ணுதல்

சக்கரம் உயர்ந்திருக்க, செட்டிங் போல்ட்டை ட்றம் இறுகும் வரை திருப்புங்கள். மிதியை ஒருமுறை பலமாக அழுத்தி விடுங்கள். சூ தன் இடத்தில் அமரும். மீண்டும் இறுக்கி, சக்கரம் சுதந்திரமாகச் சுழலும் வரை மட்டும் தளர்த்துங்கள். மெல்லிய உரசல் சத்தம் பரவாயில்லை, இழுவை இருக்கக்கூடாது. இந்த ஜீப் தானாகச் செட் பண்ணிக்கொள்ளாது. புதிய சூ போட்ட முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பின் ஒருமுறை, அதன் பின் காலத்துக்குக் காலம் செய்ய வேண்டும். பிறேக் பிடிக்கவில்லை என்று வரும் பல முறைப்பாடுகள் இந்த ஒரு போல்ட்டோடு தீர்ந்துவிடுகின்றன.

முதல் நாட்களில் பாரம் ஏற்றாமல், மிதமான வேகத்தில் பல முறை நிறுத்தி சூவைப் பழக்குங்கள். வெள்ளம் பாயும் வீதியைக் கடந்தால், மறுகரையில் மெதுவாக ஓடியபடி மிதியை லேசாக அழுத்தி ட்றம்மைக் காயவையுங்கள். வயல் சேற்றில் இறங்கிய வாகனத்தின் ட்றம்மை அறுவடை முடிந்ததும் கழற்றிக் கழுவுங்கள்.

காசை எங்கே போடுவது

இனி டிஸ்க் பற்றிய கேள்வி. பிறேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரம் நிலத்தில் அழுந்த, பின் சக்கரம் இலகுவாகிறது. வெறும் ஜீப்பில் பின் பிறேக் கூடப் பலமாக இருந்தால், பின் சக்கரம் முதலில் இறுகி வழுக்கும். கிரவல் வீதியில் அது பின்பக்கம் பக்கவாட்டில் வீசுவதில் முடியும். லாண்ட் றோவர் நிறுவனமே 1980களில் தனது புதிய மாதிரிகளில் முன்னுக்கு டிஸ்க் போட்டு, பின்னுக்கு ட்றம்மைத்தான் வைத்தது. பின் டிஸ்க் வந்தது 1990களில்.

டிஸ்க்குக்கு ட்றம் போல் தன்னை இறுக்கும் குணம் இல்லை. அதற்கு அழுத்தம் கூட வேண்டும், ஒயில் அளவு கூட வேண்டும். ஆகவே பின் டிஸ்க் மட்டும் வாங்கிப் பொருத்தினால் வேலை முடியாது. பொருத்தமான மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு எல்லாம் தேவை. கை பிறேக் பின் ட்றம்முக்குள்ளேயே இருக்கும் வேறு ஜீப்பாக இருந்தால், ட்றம்மோடு கை பிறேக்கும் போய்விடும். சேற்றில் அடிக்கடி இறங்கும் டிஸ்க்கில் பாட் தேய்வதும் வேகம்.

என் கருத்தில் செலவின் வரிசை இது:

1. நான்கு சக்கரத்திலும் உள்ளதை முழுமையாகப் புதுப்பித்தல்.
2. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பழைய ஒற்றைச் சுற்றில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும். இரட்டைச் சுற்றில் முன்னோ பின்னோ ஒன்று மிஞ்சும்.
3. பூஸ்டர். பெற்றோல் இயந்திரத்தில் அதற்கான வெற்றிடத்தை நேரே எடுக்கலாம். டீசலில் வெற்றிடப் பம்பு வேண்டும். ஜப்பானிய டீசல் இயந்திரங்கள் பலவற்றில் ஒல்ரர்னேற்றரின் பின்னாலேயே அந்தப் பம்பு இருக்கிறது. பல ஜீப்புகளில் அது பயன்படாமல் கிடக்கிறது.
4. குட்டை ஜீப்பின் முன் சக்கரத்துக்கு, நீள ஜீப்பின் 11 அங்குல பிறேக். அதில் இரண்டு சூவும் தம்மை இறுக்கும் வகை.
5. இவை எல்லாம் முடிந்த பின், காசும் தேவையும் இருந்தால், பின் டிஸ்க்.

மூன்றாவது இடத்தில் உள்ள பூஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போரில் கால் இழந்தவர்கள் பலர் நமது ஊர்களில் வாகனம் ஓட்டியே குடும்பத்தைப் பார்க்கிறார்கள். பூஸ்டர் இல்லாத பழைய ஜீப்பை அவசரத்தில் நிறுத்த முழுக் கால் பலமும் வேண்டும். செயற்கைக் காலின் பாதத்துக்கு மிதி எவ்வளவு இறங்கியது என்ற உணர்வு இல்லை. முழங்காலும் தொடையும்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இவர்கள் ஓட்டும் ஜீப்பில் பூஸ்டர் ஆடம்பரம் அல்ல. அதை வரிசையின் முதலாம் இலக்கத்தோடு சேர்த்தே செய்ய வேண்டும். வாழ்வாதார உதவியாக வாகனத் திருத்தத்துக்குப் பணம் கொடுக்கும் அமைப்புகளும் புலம்பெயர் உறவுகளும் ரயருக்கும் பெயின்ருக்கும் முன் இதைக் கேட்டால் நல்லது.

கராஜிலிருந்து எடுக்கும் முன்

கழற்றிய பழைய சூவையும் சிலிண்டரையும் காட்டச் சொல்லுங்கள். ஊற்றிய ஒயில் போத்தலைப் பாருங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, இறங்குகிறதா என்று கவனியுங்கள். நான்கு சக்கரத்துக்கும் உட்பக்கம் குனிந்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஆளில்லாத வீதியில் 20, பின்னர் 40 கிலோமீற்றர் வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். ஜீப் நேராக நிற்க வேண்டும். சிறிது ஓடிய பின் இறங்கி நான்கு ட்றம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு அச்சின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், அல்லது ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், வேலை முடியவில்லை. ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துச் சரியாக்கிய பின் பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றுங்கள்.